சோறு இறங்கவில்லை

பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தால் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் சுவா சூ காங் பேருந்து முனையத்தில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, வயது ஐம்பத்து மூன்று, பதினைந்து வருடமாக பஸ் கேப்டன். ஈரடுக்குப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மூக்குக் கண்ணாடியும் நெற்றியும்தான் தெரியும். எதையும் மென்று விழுங்கிப் பேசும் பழக்கம் அவளிடம் இல்லை. கதவை மறித்து நின்று கைப்பேசி பார்க்கிறவர்களை உள்ளே போகச் சொல்லி ஒருமுறைதான் கேட்பாள். அடுத்த முறை கேட்கமாட்டாள். பஸ்ஸை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அரை நிமிடத்தில் மற்ற பயணிகளே அவர்களை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

புக்கிட் மேராவில் ஒரு மூவறை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி முடிந்ததும் மின்னணுத் தொழிற்சாலை வேலை, பிறகு கல்யாணம். மகள் யாமினிக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது கணவர் இறந்துபோனார். அடுத்த வருடமே தொழிற்சாலை ஜொகூருக்கு இடம் மாறியது. பஸ் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் வேலாயுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி பூவம்மா, வீட்டுக்குப் பக்கத்தில் பாலர் பள்ளியில் ஏதாவது பார்க்கலாமே என்றாள். முதல் தேர்வில் பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் ஏறித் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். அன்றிலிருந்து அந்த ஓட்டுநர் இருக்கை அவளுடையது. வீட்டுத் தவணையும் மகளின் படிப்பும் அதன் மேல் உட்கார்ந்துதான் நடந்தன. அவளிடமிருந்து வேறு எதையும் எடுத்துக்கொள்ளலாம், அதை எடுக்கக் கூடாது.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மதிய இடைவேளையில், முனையத்தின் உணவுக் கூடத்தில், சப்பாத்தித் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றது. தண்ணீர் குடித்தாள். தண்ணீர் அதன் மேல் போய் நின்றது. மூச்சு முட்டவில்லை, இருமல் வரவில்லை. உள்ளே ஏதோ நிற்கிறது, அவ்வளவுதான். எழுந்து நின்று தோள்களைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, கையை மேலே தூக்கியபோது அது மெதுவாகக் கீழே போனது. எதிரில் உட்கார்ந்திருந்த சக ஓட்டுநர் ரிஸ்வான், அக்கா, யோகா கிளாஸ் ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டான். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அந்த வாரத்தோடு முடிந்தது. முதலில் ரொட்டி நின்றது, பிறகு சோறு, அதற்கடுத்த வருடம் கஞ்சியும் நின்றது. அரை மணி நேர இடைவேளையில் ஆறு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. படுத்தால் சாப்பிட்டது தலையணைக்கு வந்தது. மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கப் பழகினாள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. வீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு கிளினிக். டாக்டர் நல்ல மனிதர், பண்டிகைக்கு முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். என்ன பிரச்சினை என்று கேட்டார். பாக்கியலட்சுமி, "கேஸ்ட்ரிக் லா, டாக்டர்" என்றாள்.

சிங்கப்பூரில் தொண்டைக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்ட்ரிக். பட்டினி கிடந்தால் கேஸ்ட்ரிக், அதிகமாகச் சாப்பிட்டால் கேஸ்ட்ரிக், திங்கட்கிழமை வேலைக்குப் போகப் பிடிக்காவிட்டாலும் கேஸ்ட்ரிக். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட ஒரே வியாதி அதுதான். டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அது கேட்கவில்லை என்றதும் இரண்டு. ஒரு வருடம் கழித்து, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு ஸ்கோப் எடுத்தார்கள். வயிறு சுத்தமாக இருந்தது. புண்ணில்லை, கட்டியில்லை. அப்படியென்றால் லேசான கேஸ்ட்ரிக்தான் என்று மாத்திரை தொடர்ந்தது. வயிற்றைத்தான் பார்த்தார்கள். சாப்பாடு வயிறுவரைக்கும் போய்ச் சேரவேயில்லை என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஆங்கிலத்தில் அவள் சொன்னது தப்பான வார்த்தை. தமிழில் சொன்னது சரியான வார்த்தைதான். அது இன்னும் மோசமாகப் போனது.

"சோறு இறங்க மாட்டேங்குது" என்றுதான் வீட்டில் சொன்னாள். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சோற்றைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மகன் பரீட்சையில் தோற்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பாக்கியத்துக்கு ஏன் இறங்கவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் பொறுப்பை அண்ணி பூவம்மா எடுத்துக்கொண்டாள்.

போன வருடம் அண்ணன் மகன் ஜெய்க்கு நிச்சயதார்த்தம். பெண் இனியா, கணக்காய்வாளர், ஜெய்யோடு படித்தவள். ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் வாழையிலை விருந்து. பாக்கியலட்சுமிக்கு அன்று வராமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் பிள்ளையின் சொந்த அத்தை வராமல் இருக்க முடியாது. வந்தால் இலையில் உட்காராமல் இருக்கவும் முடியாது. பெண் வீட்டார் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது நின்றது. பக்கத்தில் இருந்த உறவுக்காரி, புரை ஏறிவிட்டது என்று நினைத்து உச்சந்தலையில் தட்டினாள், யாரோ உன்னை நினைக்கிறார்கள் என்றாள். பாயசத்தோடு பரிமாறுகிறவர் வந்து நின்ற நேரத்தில் பாக்கியலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

திரும்பி வந்தபோது யாரோ அவள் இலையை மூடியிருந்தார்கள். பெண்ணின் அம்மா அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவம்மா அவளிடம் குனிந்து பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாள். ஆனால் பாக்கியத்துக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. அவளுக்கு இன்னிக்குச் சோறு இறங்காது. முறைப்பொண்ணு ஒண்ணு வீட்ல இருக்குல்ல. மனசு கேக்குமா?"

இருபது வருடத்துக்கு முன்னால், ஜெய்யும் யாமினியும் ஒரே தட்டிலிருந்து கேக் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தபோது, இவனுக்கு என் பெண்ணைத்தான் கொடுப்பேன் என்று பாக்கியலட்சுமி விளையாட்டாகச் சொன்னது உண்மை. அண்ணன் மகனைப் பார்த்து அப்படிச் சொல்லாத அத்தை உலகத்தில் கிடையாது. பிறகு அவள் மறந்துவிட்டாள். பூவம்மா மறக்கவில்லை. அந்த மத்தியானத்திலிருந்து அண்ணன் குடியிருக்கும் ஃபேரர் பார்க் முழுவதும் ஒரே கதை: மருமகன் கைநழுவிப் போனதில் பாக்கியம் இளைத்துப்போய்விட்டாள், பாவம்.

ரயிலில் திரும்பும்போது யாமினியும் அதையே கேட்டாள்.

"மா, நெசமாவே ஜெய் விஷயமா? சீரியஸ்லி? அவன் எனக்கு அண்ணன் மாதிரி லா. எனக்கே ஒண்ணும் இல்ல, உங்களுக்கு ஏன்?"

பாக்கியலட்சுமிக்கு ரயிலை நிறுத்தி இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. எனக்குத் தொண்டையில்தான் பிரச்சினை, மனதில் இல்லை என்றாள். யாமினி அம்மாவின் கையைப் பிடித்து, ஓகே மா, ஓகே என்று தட்டிக்கொடுத்தாள். சின்னக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போன்ற அந்தத் தட்டலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த முறை கிளினிக்குக்கு யாமினியும் கூட வந்தாள். அக்கறையில் வந்த பெண், அக்கறையிலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: அப்பா இல்லை, வீட்டில் கொஞ்சம் குடும்பப் பிரச்சினை, அம்மா எதையும் வெளியே சொல்ல மாட்டார். எதையும் வெளியே சொல்ல மாட்டாளாம்! எடை அறுபத்திரண்டிலிருந்து நாற்பத்து நான்குக்கு வந்திருந்தது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பஸ் கம்பெனியின் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

கேஸ்ட்ரிக்கைப் பற்றித்தான் எழுதியிருப்பார் என்று நினைத்து, பாக்கியலட்சுமி தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் மேற்பார்வையாளர் பிரேம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். முப்பத்தைந்து வயதுப் பையன், அவளிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். அன்று கொஞ்சம் அதிக மரியாதையாகப் பேசினான். குடும்ப மன உளைச்சல், சோர்ந்த மனநிலை, பசியின்மை என்று கடிதத்தில் இருக்கிறதாம். இந்த எடையோடு, இந்த நிலையில், எழுபது எண்பது பேரை ஏற்றிக்கொண்டு போக அனுமதிக்க முடியாதாம். மூன்று மாதம் முனைய முகப்பில் வேலை; அதற்குள் குணமாகாவிட்டால் ஓட்டுநர் பணி இல்லை.

"பசியின்மையா?" என்றாள் பாக்கியலட்சுமி. "நாலு வருஷமா எனக்கு இருக்கறதே பசி ஒண்ணுதான், பிரேம்."

பிரேம் கடிதத்தை விரலால் தட்டிக் காட்டினான். அவன் என்ன செய்வான்? காகிதத்தில் இருப்பதைத்தானே பார்க்க முடியும்.

முகப்பு வேலை என்பது தொலைந்த குடைகளுக்குச் சீட்டுக் கட்டுவதும், ஏழாம் எண் நிறுத்தம் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கை காட்டுவதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பஸ்ஸை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவது தெரியும். முதல் வாரமே அவள் கிளினிக்குக்குப் போய், இன்னொரு ஸ்கோப்புக்குக் கடிதம் கொடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தாள். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் கடிதம் கொடுத்தார். அவளுடைய திருப்திக்காக என்று சொல்லியே கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து மருத்துவமனை. முந்தின நாள் மத்தியானம் குழையவைத்த சோறும் பருப்பும், யாமினி பொடிப்பொடியாக நறுக்கிச் செய்த பயத்தங்காயும் கொஞ்சம் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். நள்ளிரவுக்குப் பிறகு அதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது ஒரு தாதி படுக்கை அருகே நின்று, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், உள்ளே சாப்பாடு இருக்கிறது, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் நிறுத்திவிட்டார், இன்னொரு நாள் ஒழுங்காகப் பட்டினி இருந்து வாருங்கள் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிவிட்டுப் போனாள்.

தூக்க மருந்தில் நாக்கு தடித்திருந்தது. இருந்தாலும் பாக்கியலட்சுமி கத்தினாள். தமிழில்தான் வந்தது. பொய் சொல்கிறேனா நான், நாலு வருஷமாகப் பொய் சொல்கிறேனா, எவன் சாப்பிட்டான், எங்கே சாப்பிட்டேன், வந்து காட்டு என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவர் திரையை விலக்கிப் பார்த்தார்.

இன்னொரு தாதி வந்தாள். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, சட்டையில் ஜெனிவீவ் என்று பெயர். அமைதியாக இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம். சோறு, பருப்பு, பயத்தங்காய். அதுவும் இறங்கல."

ஜெனிவீவ் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"இறங்கலன்னா?"

நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"இறங்கலன்னா இறங்கல. கீழ போகல. இங்க வந்து நிக்குது." நெஞ்செலும்பின் அடிமுனையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"திரும்பி வந்தா புளிக்குதா, கசக்குதா?"

"ஏன் புளிக்கணும்? போட்டது போட்ட மாதிரியே வருது. பருப்பு பருப்பு ருசியிலதான் வருது."

ஜெனிவீவ் எழுந்து உள்ளே போனாள். ஸ்கோப் செய்த டாக்டர் லிம் என்ற பெண் மருத்துவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி என்று பிறகு தெரிந்தது: உள்ளே பார்த்த சாப்பாட்டில் பச்சையாக ஏதாவது இருந்ததா? இருந்தது. பச்சையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். அவை வயிற்றில் இல்லை, வயிற்றுக்கு மேலே உணவுக்குழாயில் இருந்தன. இருபது மணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட்ட பயத்தங்காய்.

டாக்டர் லிம் வந்து சாரி என்றார். சாரியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன், முதலில் என்னவென்று சொல்லுங்கள் என்றாள் பாக்கியலட்சுமி.

இரண்டு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கூழைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தபோது, அகன்று தொங்கிய குழாய் அடியில் பறவை அலகு போலச் சட்டென்று கூர்ந்து முடிந்திருந்தது. அடுத்தது அழுத்தம் அளக்கும் சோதனை. மெல்லிய கம்பி ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டார்கள். கண்ணில் நீர் வழிய, குமட்டலை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். சொல்லும்போது ஒரு மடக்கு தண்ணீர் விழுங்க வேண்டும்; நடுவில் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. இப்படிப் பத்து முறை. ஜெனிவீவ் பக்கத்தில் நின்று எண்ணினாள்.

பிறகு டாக்டர் லிம் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினார், ஜெனிவீவ் தமிழில் சொன்னாள். விழுங்குவதில் முதல் பாதிதான் நம் கையில் இருக்கிறது. நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளியதும் நம் அதிகாரம் முடிந்தது; மூளையின் அடித்தண்டிலிருந்து நீண்டு வரும் நரம்பு ஒன்று பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே, இரண்டு தசை அடுக்குக்கு நடுவில், கூந்தல் வலை மாதிரி நரம்பு வலை ஒன்று இருக்கிறது. அதில் சில நரம்புகள் தசையை இறுக்கச் சொல்லும், சில தளர்த்தச் சொல்லும். இரண்டும் மாறி மாறிச் சொல்வதால்தான் மேலே இறுகி, கீழே தளர்ந்து, சாப்பாடு அலையாக இறங்குகிறது. நல்ல உடம்பில் அந்த அலை திரையில் சாய்வான பட்டையாகத் தெரியும். அடியில் ஒரு வளையத் தசை, கதவு மாதிரி. அது சும்மா இருக்கும்போது மூடியேதான் இருக்கும். தளர்ந்துகொள் என்று நரம்பு சொன்னால்தான் திறக்கும்.

பாக்கியலட்சுமிக்கு அந்தத் தளரச் சொல்லும் நரம்புகள் செத்துப்போயிருந்தன. அவளுடைய படத்தில் சாய்வான பட்டை இல்லை. ஒவ்வொரு மடக்குக்கும் குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் பச்சையாக எரிந்தது, பூட்டிய அறைக்குள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து இடிப்பது போல. அடியில் கதவைக் காட்டும் சிவப்புக் கோடு பத்து முறையும் அசையவேயில்லை. நோய்க்குப் பெயர் அக்கலேசியா. லட்சத்தில் ஒருவர் இருவருக்கு ஒரு வருடத்தில் வரும். ஏன் வருகிறது என்று உறுதியாகத் தெரியாது. உடம்பின் காவல் செல்களே அந்த நரம்புகளைத் தாக்கியிருக்கலாம்.

"கவலையால வருமா?" என்று கேட்டாள்.

வராது என்றார் டாக்டர் லிம்.

"பொறாமையால? யாரோ புள்ளைக்குக் கல்யாணம் ஆகுதுன்னு?"

ஜெனிவீவ் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள். டாக்டர் லிம் சிரிக்காமல், இல்லவே இல்லை என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றாள் பாக்கியலட்சுமி. எழுதிக் கொடுத்தார்.

செத்த நரம்புகள் திரும்பி வராது. வாய் வழியாக உள்ளே போய்க் கதவுத் தசையை வெட்டிவிடலாம். பிறகு சாப்பாடு தன் எடையில் தானே இறங்கும். ஆனால் திறந்தே கிடக்கும் கதவு வழியாக வயிற்றின் அமிலம் மேலே வரக்கூடும், அதனால் அந்தப் பழைய மாத்திரையை இனிமேல்தான் உண்மையாகவே சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது.

பழைய பதிவுகளை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். கிளினிக்கில் டாக்டர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக அச்சிட்டார். பக்கத்துக்குப் பக்கம் முதல் வரி ஒன்றுதான்: நோயாளிக்குக் கேஸ்ட்ரிக், நோயாளியே சொன்னது. பத்தொன்பது பக்கம். பாக்கியலட்சுமி நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை, அது டாக்டர் பக்கம் திரும்பியது.

"நான் சொன்ன பேர எழுதிக்கிட்டீங்க, டாக்டர். எங்க நிக்குதுன்னு ஒரு வாட்டி கேட்டிருக்கலாம். நான் பஸ் ஓட்டுறவ. நோய்க்குப் பேர் வைக்கறது என் வேலையா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். மனிதர் சாக்குச் சொல்லாதது அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

அங்கிருந்து நேராக ஃபேரர் பார்க். அண்ணன் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலட்சுமி எக்ஸ்ரே படத்தை மேசையில் வைத்தாள். பூவம்மா அவசரமாகப் பத்திரிகைகளை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தாள். நரம்பு செத்துப்போன விஷயத்தைப் பாக்கியலட்சுமி முதலிலிருந்து விளக்கினாள். பூவம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நரம்புத் தளர்ச்சின்னு சொல்லு. அதான் நானும் சொன்னேன். மனசுக்குள்ள ஒண்ண வச்சிக்கிட்டே இருந்தா நரம்பு தளரத்தான செய்யும், பாக்கியம்."

"தளரல, அண்ணி. தளர மாட்டேங்குது, அதுதான் வியாதி." குரல் உயர்ந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு அப்துல் அஜீஸ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "நான் சோறு இறங்கலன்னு சொன்னது சோத்தப் பத்தி. உங்க புள்ளையப் பத்தி இல்ல. உங்க பேச்சு என் மக வாய் வழியா டாக்டர் கடுதாசிக்குப் போயி, என்ன பஸ்ஸ விட்டு எறக்கிடுச்சு. பதினெட்டுக் கிலோ போயிருக்கு எனக்கு. ஒருத்தியும் ஒரு வாய் கஞ்சி கரைச்சுத் தரல, எல்லாரும் கத கட்டினீங்க."

பூவம்மா வாயைத் திறந்தாள். வேலாயுதம் அவளைப் பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள். அண்ணன் படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டார். வியாழக்கிழமை என்றாள். நான் வருகிறேன் என்றார். வர வேண்டாம் என்றாள். வந்தார், யாமினிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் விழித்துக்கொண்டதும் போய்விட்டார்.

முதல் நாள் தண்ணீர். அது இறங்கியது. நிற்காமல், கையைத் தூக்காமல், சும்மா இறங்கியது. யாமினி அழுதாள், சாரி மா என்றாள். பாக்கியலட்சுமி அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த தடவை அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள் என்றாள். ஜெய்யின் கல்யாணத்துக்குப் போனாள், குடுவையில் கொண்டுபோயிருந்த கஞ்சியை எல்லார் எதிரிலும் குடித்தாள். பூவம்மா வந்தவர்களிடமெல்லாம், பாவம், அவளுக்கு நரம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இனியா வந்து குனிந்து, அத்தை, உங்களுக்கு மட்டும் மல்லிகைப் பூ மாதிரி இட்லி சொல்லியிருக்கேன், மெதுவாச் சாப்பிடுங்க என்றாள். அந்தப் பெண் பரவாயில்லை.

மூன்று மாதக் கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது கம்பெனி மருத்துவரிடம் போனாள். எடை ஐம்பது. ரத்த அழுத்தம், கண், காது எல்லாம் பார்த்தார். படிவத்தின் அடியில் வந்து தயங்கினார். பழைய கடிதம் கோப்பில் இருக்கிறது, இப்போதைய அறிக்கை நரம்பு என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதம் கண்காணிப்பு என்று போடுவதுதான் பாதுகாப்பு என்றார்.

பாக்கியலட்சுமி கத்தவில்லை. டாக்டர் லிம்மின் கடிதத்தை எடுத்து, கவலையால் வருவதல்ல என்ற வரியின் கீழ் விரலை வைத்தாள். செத்தது உணவுக்குழாயின் நரம்பு, என் கையில் இருப்பது இல்லை, காலில் இருப்பது இல்லை, மூளையும் இல்லை. அந்தப் பழைய கடிதம் தப்பு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் போகமாட்டேன் என்றாள். மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கிளினிக்குக்கு போன் செய்தார். அந்தப் பக்கத்தில் பேசிய டாக்டர் என்ன சொன்னாரோ, இவர் ஆமாம் ஆமாம் என்றார். முந்தைய கருத்து திரும்பப் பெறப்பட்டது என்று எழுதினார், எடைக்கு மட்டும் மூன்று மாதத்தில் ஒரு பரிசோதனை என்று சேர்த்தார், கையெழுத்துப் போட்டார். அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டுத்தான் வாங்கினாள்.

முனையத்தில் பிரேம் அதைப் படித்து முத்திரை குத்தினான். எதிரில் உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, இன்னும் கோபமா இருக்கீங்களா?"

"இருக்கேன். எந்த பஸ், எத்தன மணிக்கு?"